பேசத் தெரிந்த மென்பொருள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தரைத்தளத்தில், மருந்துக் கவுன்டருக்கும் மாடிப்படிக்கும் நடுவே இருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வெளியிலிருந்து வருகிற தொலைபேசி அழைப்புகளை உரிய இடத்துக்குத் திருப்பிவிடுவது அவள் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொண்டதும் கிடையாது. 'ஹலோ' என்று ஒருவர் சொல்கிற விதத்திலேயே அது எந்த டாக்டர், இன்று அவர் வீட்டில் சண்டையா சமாதானமா என்பதுவரை கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் வருத்தம் வேறு. தலைக்குள் மெட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒரு கீபோர்டு உண்டு. உட்கார்ந்தால் கை தானாக வாசிக்கும். ஆனால் தாளம், குழல், வயலின் எல்லாம் சேர்த்துக் கணினியில் முழு இசையாக அடுக்க வேண்டுமானால் இன்னொருவருடைய கண் வேண்டும். அந்தக் கண் தம்பியுடையது. தம்பி கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். தங்கமான பிள்ளைதான். கைதான் சும்மா இருக்காது.

அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். பகலெல்லாம் நோயாளிகளின் முட்டியை மடக்கச் சொல்லி அதட்டிவிட்டு, மாலையில் ஒரு நாடகக் குழுவை அதட்டுவார். அவருக்கு டைரக்டரம்மா என்று பெயர். ஒருநாள் இணைப்புக்காகக் காத்திருந்தபோது, லைனில் அக்கா தன்னை மறந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது.

"அது யார் போட்ட மெட்டு?"

"யாரும் போடலைங்க. சும்மா வந்துச்சு."

"சும்மா வந்ததைச் சும்மா விடக்கூடாது. என் புது நாடகத்துக்கு மியூசிக் நீங்கதான் பண்றீங்க. முதல்ல ஆரம்ப இசை மட்டும் குடுங்க, பாக்கலாம்."

அக்கா அன்று மூன்று பேருக்குத் தவறான இணைப்பு கொடுத்தாள்.

வீட்டில் அக்கா கீபோர்டில் வாசிக்க, தம்பி கணினியில் சேர்த்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் மவுஸை நகர்த்தினான். நாலைந்து மாலைகள் அப்படியே போயின. முடிந்ததும் தம்பியே பென்டிரைவில் போட்டு டைரக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் அவர் கண்ணாடி அறைக்கே வந்தார்.

"பிரமாதமா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். முடிவுல டமால்னு பெரிய ஜாலரா மாதிரி ஒரு சிம்பல் அடிக்குதே, அது எதுக்கு?"

"சிம்பலா?" என்றாள் அக்கா. அந்த இடத்தில் அவள் வைத்திருந்தது மௌனம். எல்லா வாத்தியமும் நின்று, ஒரு மூச்சு விட்டு, பிறகு ஒற்றைக் குழல். அப்படித்தான் அவள் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கைத்தடியைக்கூட மடக்கவில்லை.

"சிம்பல் யார் போட்டா?"

தம்பி நாற்காலியை அவள் பக்கம் திருப்புவது கேட்டது. "இல்லக்கா, ஸ்கிரீன்ல பாத்தா அந்த இடம் மட்டும் ஓட்டையா இருந்துச்சு. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். அதான் அடைச்சேன்."

"கேட்டுப் பாத்தியா, இல்ல பாத்துட்டு மட்டும் அடைச்சியா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா குறுக்கே வந்தாள். "விடுடி. உன் நல்லதுக்குத்தானே பண்ணான்."

"தெரியும்மா. ஆனா கரண்டி அவன் கையில இருக்கிற வரைக்கும் சமையல் என்னோடது இல்ல."

அன்றே முடிவு செய்துவிட்டாள். யார் துணையும் இல்லாமல் தானே உட்கார்ந்து இசையமைக்கக்கூடிய ஒரு மென்பொருளைக் கண்டுபிடிப்பது. அவள் கணினியில் ஏற்கெனவே ஒரு குரல் இருந்தது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல். கடிதம் படிக்க, செய்தி கேட்க எல்லாவற்றுக்கும் அதுதான் துணை. ஓயாமல் பேசுவதால் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தாள். ஆகவே கணக்கு எளிதாகத்தான் தோன்றியது. வாயாடியால் எந்த மென்பொருளை வாசிக்க முடிகிறதோ, அதுதான் அவளுடையது.

முதலில் தம்பி வைத்திருந்ததையே திறந்தாள். ஊர் உலகமே பயன்படுத்துகிற மென்பொருள் என்று அவன் ஆயிரம் தடவை பெருமையடித்திருக்கிறான். அம்பு விசையை அழுத்தினாள்.

"பட்டன்," என்றது வாயாடி. மறுபடி அழுத்தினாள். "பட்டன்." இன்னொரு தடவை. "பட்டன். பட்டன். பட்டன்."

எது ஒலிப்பதிவு, எது நிறுத்துவது, எது அழிப்பது என்று ஒன்றும் சொல்லவில்லை. உள்ளறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என்னடி அது, தையல் கடையா நடத்துறே?"

அடுத்தது இணையத்திலேயே ஓடுகிற ஒன்று. வண்ண வண்ணக் கட்டங்களை இழுத்து வைத்தால் பாட்டு வந்துவிடும், குழந்தைகூடச் செய்யும் என்று விளம்பரம். அதைத் திறந்ததும் வாயாடி "படம்" என்று ஒரே ஒரு சொல் சொன்னது. அத்தோடு சரி. பிறந்ததிலிருந்து வாய் மூடாத வாயாடியையே ஊமையாக்கிவிட்ட மென்பொருள்.

வேறு யாராக இருந்தாலும் சோர்ந்திருப்பார்கள். அக்காவின் தொழிலே தொலைபேசி. எந்தக் கதவை எங்கே தட்டினால் உள்ளே இருக்கிற ஆள் பேசுவார் என்பது அவளுக்கு அத்துபடி. மதிய இடைவேளைகளில் தன் கைப்பேசியை எடுத்து, இசை மென்பொருள் செய்கிற நிறுவனங்களை ஒவ்வொன்றாக அழைத்தாள். கேட்ட கேள்வி ஒன்றே. "கண் தெரியாதவங்க இதை ஓட்ட முடியுமா?"

ஓரிடத்தில் ஒரு பெண் தேனாகப் பேசினாள். "தாராளமா முடியும் மேடம். பக்கத்துல யாராவது இருந்தாப் போதும்."

"பக்கத்துல ஆள் இருந்தா நான் விமானமே ஓட்டுவேம்மா," என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

இன்னோரிடத்தில் ஒருவர் தங்கள் மென்பொருளின் அழகைப் பற்றி வெகுநேரம் வர்ணித்தார். மற்றோரிடத்தில், வருங்காலத்தில் பார்க்கலாம் என்றார்கள். வருங்காலம் எப்போது வரும் என்று கேட்டாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கடைசியாக ஒரு சிறிய நிறுவனம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஓர் ஆண் குரல், மூச்சு வாங்கியபடி எடுத்தது. விற்பனைப் பிரிவா என்று கேட்டாள்.

"விக்கிறதும் நான்தான், எழுதுறதும் நான்தான், திட்டு வாங்குறதும் நான்தான். சொல்லுங்க."

அக்கா தன் கேள்வியைக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லணும்னா எனக்குத் தெரியலீங்க. நான் அப்படி யோசிச்சதே இல்ல. ஆனா எல்லா வேலைக்கும் கம்ப்யூட்டர் கீபோர்டுல சுருக்கு விசை வச்சிருக்கேன், எனக்கு மவுஸ் பிடிக்காது. நீங்க போட்டுப் பாருங்க. எது பேசலையோ அதைச் சொல்லுங்க. பேச வைக்கிறேன்."

இத்தனை அழைப்புகளில் 'தெரியவில்லை' என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே அக்காவுக்கு அவர் மேல் நம்பிக்கை பிறந்தது.

அன்று மாலை அதைக் கணினியில் ஏற்றினாள். தம்பி எட்டிப் பார்த்து முகம் சுளித்தான். "அய்யோ, பாக்கவே சகிக்கலக்கா. சாம்பல் கலர்ல, கணக்காபீஸ் மாதிரி இருக்கு."

"நீ பாக்காதே. நானும் பாக்கப் போறதில்ல."

அம்பு விசையை அழுத்தினாள். "ஒலிப்பதிவு," என்றது வாயாடி. அக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். "நிறுத்து. முதல் தடம். இரண்டாம் தடம். தாளவேகம்." கீபோர்டில் நாலு சுரம் வாசித்தாள். விசை ஒன்றை அழுத்தினாள். அவள் வாசித்த நாலு சுரமும் அப்படியே திரும்பி வந்தன. யாரையும் கேட்காமல், யாருடைய கையும் படாமல் வந்தன. "அம்மா!" என்று அவள் போட்ட கூச்சலில், என்னவோ ஏதோ என்று அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பகுதிக்குப் போனால் வாயாடி வாய் திறக்கவில்லை. அழைத்துச் சொன்னாள். மென்பொருள்காரர் சரிசெய்து புதிய பதிப்பை அனுப்பினார். அதில் எல்லாவற்றையும் இரண்டிரண்டு தடவை சொன்னது. "ஒலி ஒலி அளவு அளவு."

"சார், உங்க மென்பொருளுக்குத் திக்குவாய் வந்திருச்சு," என்றாள் அக்கா.

அவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. மறுநாளே அதுவும் சரியானது. பிறகு முடிந்த பாட்டைக் கோப்பாக வெளியே எடுக்கும் இடத்தில் ஒரு சிக்கல், வாத்தியப் பட்டியலில் ஒரு சிக்கல். ஒவ்வொன்றையும் அவள் கறாராகச் சொன்னாள், அவர் விடாமல் திருத்தினார். வாரங்கள் ஓடின. அக்காவின் விரல்கள் சுருக்கு விசைகளைத் தூக்கத்தில்கூட அழுத்தக் கற்றுக்கொண்டன.

நாடகம் ஒரு பாலம் கட்டுகிறவர்களைப் பற்றியது. ஆற்றின் இரு கரையிலிருந்தும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கடைசிக் காட்சியில் பாலம் நடுவில் சேர்கிறது. ஒரு பெண் முதல் ஆளாக அதன்மேல் நடந்து போகிறாள். அந்த நடைக்கான இசைதான் உயிர். அக்கா அதைக் காலடிச் சத்தத்தில் தொடங்கினாள். அதன் கீழே மெல்ல ஒரு தாளம், மேலே குழல், பிறகு வயலின்கள்.

முழு ஒத்திகை நாள் வந்தது. தம்பி கணினியைத் தூக்கிக்கொண்டு உடன் வந்தான். அரங்கில் நடைக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பார்த்த டைரக்டரம்மா எழுந்து நின்றார்.

"மாத்தணும். அவ மேடையிலேயே நடந்தா சின்னதா முடிஞ்சிருது. அரங்கத்துக் கடைசி வாசல்லேருந்து, ஜனங்களுக்கு நடுவுல நடந்து வரட்டும்." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்தது. "அப்ப மியூசிக் இப்ப இருக்கிறதைவிட ரொம்ப நீளமா வேணும். தம்பியை வச்சுப் பண்ணி நாளைக்குக் கொண்டு வர முடியுமா? முடியலேன்னா சொல்லுங்க, போன நாடகத்துக்குப் பண்ணவரைக் கேட்டுப் பாக்கிறேன்."

"நாளைக்கு எதுக்கு?" என்றாள் அக்கா. "எல்லாரும் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

தம்பி பதறிப் பக்கத்தில் வந்தான். "நகருக்கா, நான் பண்றேன்." குனிந்தவன் திகைத்தான். "என்ன இது, ஸ்கிரீன் இருட்டா இருக்கு?"

"அதை எப்பவோ அணைச்சிட்டேன். எனக்கு எதுக்கு? பேட்டரிதான் தீரும்."

"ஆன் பண்ணுக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியல!"

"இப்ப நீ கொஞ்சம் பக்கத்துல உக்காரு."

டீ குடிக்க யாரும் போகவில்லை. நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். கறுப்புத் திரைக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் விரல்கள் விசைகள் மேல் ஓடுகின்றன. வாயாடி, அவள் பழக்கிய வேகத்தில், மற்றவர்களுக்குப் புரியாதபடி பொரிந்து தள்ளுகிறது. அக்கா முதலில் நடிகையை வாசலிலிருந்து மேடைவரை நடக்கச் சொன்னாள். செருப்பொலியைக் கேட்டு அந்த நடையின் வேகத்தைப் பிடித்தாள். அதற்கேற்பத் தாளத்தை நிதானமாக்கினாள். குழலைப் பாதி வழிக்குத் தள்ளி வைத்தாள். வயலின்களை வெட்டி, இரண்டு கரைகள்போல இடதில் பாதி, வலதில் பாதி பிரித்துப் போட்டாள். மேடையை நெருங்கும்போது இரண்டும் நடுவில் ஒன்றாகும்படி செய்தாள்.

"இப்ப நடங்க," என்றாள்.

நடிகை நடந்தாள். அரங்கின் இரு பக்க ஒலிபெருக்கிகளிலிருந்தும் வயலின்கள் கிளம்பி, அவளோடு நடந்து வந்து, அவள் கால் மேடையைத் தொட்ட கணத்தில் ஒன்றாகிப் பொங்கின. ஒத்திகை என்பதை மறந்து விளக்குக்காரர் மேலே ஏணியிலிருந்தே கைதட்டினார். டைரக்டரம்மா வேகமாக நடந்து வந்தார். வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முட்டியை மடக்கிப் பழகிய அந்தப் பிடி வலித்தது.

தம்பி மெதுவாகக் கேட்டான். "அந்த வயலினை ரெண்டாப் பிரிச்சே பாரு, எப்படிக்கா தோணுச்சு?"

"பாலம் ரெண்டு பக்கத்துலேருந்துதானேடா வருது?"

"நானா இருந்தா நடுவுல ஓட்டைன்னு அடைச்சிருப்பேன்," என்றான். அக்கா சிரித்து அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

நாடகத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். கடைசி வாசல் திறந்து முதல் காலடி கேட்டபோது இருமல்கூட எழவில்லை. பாலம் சேர்ந்தபோது ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நாற்காலிகள் சடசடவென்று மடங்கும் ஓசையை வைத்தே அக்கா அதைத் தெரிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் தம்பியின் முன்னாலிருந்த கணினியைப் பார்த்துவிட்டு, "இசை அபாரம் தம்பி," என்று அவன் கையைக் குலுக்கினார்.

"நான் சும்மா தூக்கிட்டு வந்தவன் சார். மியூசிக் எங்க அக்கா. முழுக்க முழுக்க அவங்க மட்டும்தான்." அதைச் சொல்லும்போது அவன் குரல் ஒரு சுருதி உயர்ந்திருந்தது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவளைத் திருப்பி நிறுத்தப் போனான். "முன்பக்கம் இந்தப் பக்கம்க்கா."

"இத்தனை பேர் தட்டுறாங்க, எனக்குத் திசை தெரியாதாடா?"

கைதட்டல் சுவர்போல எழுந்து வந்து அவள் நெஞ்சில் மோதியது. இதுவரை எத்தனையோ கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறாள். தன்னை நோக்கி வரும்போது அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்ததில்லை. கும்பிடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

அப்போது முன்வரிசைக்கு அருகிலிருந்து, எல்லாக் கைதட்டலையும் கிழித்துக்கொண்டு ஒரு விசில் பறந்து வந்தது. நீளமான, கூர்மையான, ஊரையே கூட்டுகிற விசில்.

தம்பி வாய் பிளந்தான். "அக்கா! நம்ம அம்மா! ரெண்டு விரலை வாயில வச்சு... அம்மாவுக்கு விசிலடிக்கத் தெரியுமா?"

மறுபடியும் ஒரு விசில் வந்தது, முன்னதைவிட ஓங்கி. அக்கா அந்தத் திசையில் முகத்தைத் திருப்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

"அடிக்கட்டும்டா," என்றாள். "சுருதி சரியாத்தான் இருக்கு."