ஓலையா, கூரையா

1

இந்தக் கதையின் பூர்வீகத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம், காய்ந்து விழுந்திருந்த ஒரு தென்னை ஓலையை மிக அருகிலிருந்து படமெடுத்து நண்பன் ஜெயராஜுக்கு அனுப்பினேன். "எந்த பில்டிங் சீலிங்லா இது?" என்று கேட்டான். ஓலை என்றேன். நம்பவில்லை. அன்று மாலை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: '1943. ஜார்ஜ் டவுன் வானத்தில் போர் மேகங்கள்—' வேண்டாம். மேகத்தில் தொடங்கிய யுத்தக் கதைகள் போதும் போதும் என்று இருக்கின்றன.

இரண்டாவது: 'பத்து வருடமாக யோகம்மா தன் கணவரின் படங்களைப் பார்த்ததே இல்லை.' சுமார்தான். இருக்கட்டும்.

கணவர் விநாசித்தம்பி யாழ்ப்பாணத்தார். கட்டட அலுவலகமொன்றில் வரைபடம் போடுபவர். யுத்தத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமையானால் காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனிதர்களை எடுக்க மாட்டார். பெரணிச் செடியின் சுருள், சுழல்படி, சங்கின் உள்வளைவு, கடைவீதி நடைபாதை வளைவுகள், இவைதான். செடியா கட்டடமா என்று தெரிந்துவிட்டால் படம் தோற்றது என்பது அவர் கொள்கை. அளவு காட்டிக்கொடுக்கும் கதவு, கை, வானம் எல்லாவற்றையும் ஓரம் வெட்டிவிடுவார். பின்பக்கம் ஒரு எழுத்து எழுத மாட்டார்.

[இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. யோகம்மாவுக்கு எரிச்சல். பத்து வருடத்தில் அவளை ஒரு படம் எடுத்ததில்லை.]

3

ஊரைப் பிடித்த ஜப்பான்காரர்கள் காமிராவை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார். படங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. பிறகு யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். [யார்? பக்கத்து வீட்டு— இல்லை, அது வேறு கதை.] ராணுவப் போலீஸ் வந்து அவரையும் அறுபது படங்களையும் கொண்டுபோனது.

நான்காம் நாள் காலை ஓர் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளர் சுலைமானும் வீட்டுக்கு வந்தார்கள். அதிகாரி மேசைமேல் ஒரே ஒரு படத்தை வைத்தார். நடுவில் ஒரு தண்டு. இரு பக்கமும் சீராக இறங்கும் விலாக்கள்.

"அக்கா, இது ஓலையா, வெல்ட் கீ துறைமுகக் குடோன் கூரையான்னு ஐயா கேக்குறாரு."

"அவரிட்டையே கேளுங்கோவன்."

"மத்தியானம் அவர்கிட்டயும் கேப்பாங்க. சண்டைக்கு முன்னாடி எடுத்த படம், குடோனா இருந்தாலும் பரவால்லலா. ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மாத்திச் சொன்னா…"

"அவர் சாப்பிட்டவரோ?"

அந்தக் கேள்வியை சுலைமான் மொழிபெயர்க்கவில்லை.

4

யோகம்மா படத்தைக் கையில் எடுத்தாள். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பின்னால் ஒரு சொல் எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

முதலில் ஓலை என்றுதான் நினைத்தாள். தண்டின்மேல் கறுப்புப் புள்ளிகள் இருந்தன, பூச்சி கடித்த மாதிரி. எண்ணினாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி. பூச்சி அளந்து கடிக்காது. அவை ஆணித்தலைகள்.

கூரை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

[இவளை இந்த இடத்தில் அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். இவள் அழுகிறவள் இல்லை.]

5

முடிவு ஒன்று: 'கூரை' என்கிறாள். மத்தியானம் அவரும் உண்மையைச் சொல்கிறார். வீடு திரும்புகிறார்.

முடிவு இரண்டு: 'ஓலை' என்கிறாள். அடிக்குப் பயந்து அவரும் அதே பொய்யைச் சொல்கிறார். வீடு திரும்புகிறார்.

இரண்டையும் எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் அவர் என்ன சொல்வார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவளுக்கு அந்த வசதி இல்லை.

விநாசித்தம்பி பொய் சொல்ல மாட்டார். வரைபடத்தில் நேர்ந்த பிழை தன்னுடையதென்று தானே போய்ச் சொல்லி, கிடைக்கவிருந்த பதவி உயர்வைத் தொலைத்தவர். பத்து வருடம் கூட வாழ்ந்த அந்த மனிதரை யோகம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நாலு நாள் அங்கே இருந்த மனிதரைத் தெரியாது.

சுலைமான் மெதுவாக, "அக்கா, சொல்லுங்க," என்கிறார்.

நான் இதோடு எழுந்துவிடுகிறேன். அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். மத்தியானம் அவர் சொல்லப்போவதும் அதுவாகவே இருக்க வேண்டும்.