பெண் கொடுத்த ஊரில் தண்ணீர்

மரகதம் நீட்டிய சொம்பைப் பார்த்து மூலாராம் கும்பிட்டார். கும்பிட்டாரே தவிர வாங்கவில்லை. என் மருமகள் ஜம்னாவின் அப்பா அவர். ராஜஸ்தானில் பார்மரையும் தாண்டி, மணல்காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறி, பிள்ளைத்தாய்ச்சி மகளைப் பார்க்கப் பினாங்குக்கு வந்திருந்தார். ஆறடி ஆள். தலையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய முண்டாசு, காதில் கடுக்கன். விமான நிலையத்திலிருந்து ஆயர் ஈத்தாம் வரைக்கும் என் பழைய காரில், ஏர்கோன் வேலை செய்யாத காரில், வெந்து போய் வந்திருந்தோம். எனக்கே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதர் சொம்பைத் தொடவே இல்லை.

"என்னங்க, தண்ணி கூட வேணாங்கறாரு?" என்றாள் மரகதம் என்னிடம்.

ஜம்னா ஒன்பது மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அத்தை, கோவம் வேணாம்லா. பொண்ணு குடுத்த வீட்டுல அப்பா குடிக்க மாட்டாங்க. சாப்புடவும் மாட்டாங்க. எங்க ஊர்ல அப்படித்தான்."

அதற்குள் அவர் தன் பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கேனை வெளியே எடுத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்! சொந்த டம்ளரில் ஊற்றி, நின்றபடியே அண்ணாந்து குடித்தார். தினமும் மழை கொட்டுகிற ஊருக்கு, பாலைவனத்திலிருந்து தண்ணீர் சுமந்து வந்த ஆளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. மரகதம் சொம்பைத் திரும்ப அடுப்படிக்கு எடுத்துப் போன நடையிலேயே அவள் மனசு தெரிந்துவிட்டது.

அவருடைய ஊரை நான் பார்த்திருக்கிறேன். என் மகன் தயாளன் சோலார் பலகை பொருத்துகிற வேலைக்காக அந்தப் பக்கம் அனுப்பப்பட்டு, அங்கே அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த ஜம்னாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். ஒட்டகமும் மணல்மேடும் என்று எதிர்பார்த்துப் போனால் முள்மரமும் டிராக்டரும் செல்போன் கோபுரமும்தான் இருந்தன. வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது. ஆனால் முற்றத்தில், தரையோடு தரையாக ஒரு சிமெண்டு மூடி, அதில் ஒரு சின்னக் கதவு, அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு. உள்ளே மழைத் தண்ணீர்த் தொட்டி. வருடத்தில் நாலு நாள் மழை பெய்தால் அது அந்தத் தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக, சுற்றிலும் பெரிய வட்டமாக மண்ணை இறுக்கி மெழுகி வைத்திருந்தார்கள். அதில் செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது. ஒரு பஞ்ச காலத்தில் மூலாராமின் அப்பாவும் சித்தப்பாக்களும் சேர்ந்து வெட்டிய தொட்டி அது. அதற்கு முன்னால் அந்த ஊர்க் கிணற்றில் இருந்ததெல்லாம் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குப் பொம்பளைகள் அடுத்த ஊருக்கு நடந்தார்களாம். அந்தத் தொட்டியிலிருந்து எங்களுக்குக் குடம் குடமாக இறைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் வாங்கி வாங்கிக் குடித்தோம். அப்படிப்பட்டவர் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாரா?

வழக்கம், வழக்கம் என்று தயாளன் நூறு தடவை சொன்னான். என் மூளைக்கு ஏறியது, வயிற்றுக்கு இறங்கவில்லை. காரணம் இருக்கிறது. என் அப்பா சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் சாக்கடை வெட்டியவர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் எங்கள் லயத்து வீட்டுக்கு வருவார், பேசுவார், சிரிப்பார், எங்கள் வீட்டுத் திருநீறு கூட வாங்கிப் பூசிக்கொள்வார். தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார். தாகமில்லை என்பார். உச்சி வெயிலில் தாகமில்லையாம்! அம்மா கழுவிக் கழுவி வைத்த டம்ளர் அப்படியே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை நான். பஸ் ஓட்டி, வீடு வாங்கி, மகனைப் படிக்க வைத்து, கடைசியில் என் சொந்த வீட்டு நடுக்கூடத்தில் அதே டம்ளர் அப்படியே திரும்பிப் போகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? என் அக்கா போன் பண்ணி, "டேய் சிவநேசா, அவங்க நம்மள என்னன்னு நெனைச்சிக்கிட்டு இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

மூலாராமோ கவலையே இல்லாமல் இருந்தார். கார் நிறுத்துகிற இடத்தில் எங்கள் பழைய கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பு மாவை ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் பிசைந்து, கையாலேயே தட்டி ரொட்டி சுட்டார். ஒரு பாலைவன மரத்துக் காயை வற்றல் போட்டு எடுத்து வந்திருந்தார். அதையும் மோர் மிளகாய் மாதிரி ஏதோ ஒன்றையும் போட்டு ஒரு பிரட்டல். நெய் வாசனை தெரு முழுக்க. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா வேலியில் எட்டிப் பார்த்து, என்ன அது என்று மலாயில் கேட்டாள். அவளுக்கு ஒரு ரொட்டி போனது. எனக்கும் ஒன்று வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ரொட்டி போய்விட்டது. நல்ல ருசி. அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். எல்லாருக்கும் கொடுக்கிறார், யாரிடமும் வாங்க மாட்டேன் என்கிறார், இது என்ன நியாயம்?

கேன் சீக்கிரமே தீர்ந்தது. இனி என்ன செய்வார் பார்க்கலாம் என்று நான் உள்ளுக்குள் குதூகலமாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. மனிதர் தயாளனைக் கூட்டிக்கொண்டு கமாலின் கடைக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். கமால் எங்கள் தெருமுனையில் ரொட்டி சானாய் கடை வைத்திருப்பவன், குடிக்கத் தண்ணீர் போத்தலும் விற்பான். அங்கே மூலாராம் ஒரு கேள்வி கேட்டார். தயாளன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் தமிழில் சொன்னான்: "இந்தத் தண்ணி எந்த ஊருன்னு கேக்கறாரு. மக இருக்கற ஊர்த் தண்ணி ஆகாதாம்."

கமால் போத்தலைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, எழுத்துக்கூட்டிப் படித்தான். "பேராக் தண்ணிண்ணே. பாலத்துக்கு அந்தாண்ட. நம்ம தீவுல எடுத்தது இல்ல."

மூலாராமுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பெட்டி வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே, கமால் முன்னாலேயே, எனக்குத் தெரிந்த சினிமா இந்தியும் தமிழும் கலந்து கத்திவிட்டேன்.

"என் வீட்டுத் தண்ணி என்னய்யா பண்ணுச்சு? விஷமா? நாங்க என்ன தீட்டா? கேளுடா தயாளா, உன் மாமனார்கிட்ட கேளு! நாங்க கீழ்சாதின்னு குடிக்கலையான்னு நேராவே கேளு!"

தயாளன் வெளிறிப் போனான். "பா, விடுங்க பா..."

"கேளுடா!"

கேட்டான். மூலாராம் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொல்லிக் கையால் காட்டினார். பிறகு மெதுவாக, தயாளன் சொல்லி முடிக்கும் வரை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவர் அத்தையை எங்கேயோ தூரத்துக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்களாம். அங்கே தண்ணீர் ரொம்பத் தூரம். வீட்டுக்கு வந்த புது மருமகள்தான் சுமக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள் கூடுதலாக வந்தால் அவள் தலையில் ஒரு குடம் கூடும். அவர் தாத்தா மகளைப் பார்க்கப் போவார், நாள் பூரா வெயிலில் நடந்து போவார், பார்த்துவிட்டு ஒரு சொட்டுக் குடிக்காமல் திரும்புவார். "மக வீட்டுத் தண்ணி, மக நடந்த நடை. அதை அப்பன் எப்படிக் குடிக்கறது?" இதுதான் அவர் சொன்னது. சாதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அப்படிக் கேட்டதற்காக அவர் கண் கலங்கியிருந்தது.

நான் சும்மா விடுவேனா? "இங்கதான் பைப்பு இருக்கே சம்மந்தி! திருகுனா கொட்டுது! உங்க மக என்ன தலையிலயா சுமக்குது?"

அவர் சிரித்தார். நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னார். "பைப்பு இருக்கறது கண்ணுக்குத் தெரியுதாம். தொண்டைக்குத் தெரியலையாம்," என்றான் தயாளன். கமால் கேட்காமலேயே மூன்று கிளாஸ் தே தாரே டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முன்னால் வைத்ததை நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப எடுத்துப் போனான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்குக் கோபம் போய்விட்டது. வருத்தம் போகவில்லை, அது வேறு.

வீட்டுக்கு வரும் வழியில் தயாளனிடம் கேட்டேன், இது சாகும் வரைக்குமா என்று. "இல்ல பா. பேரப்புள்ள பொறந்துட்டா அது அந்தப் புள்ளையோட வீடு. அப்ப குடிக்கலாம்." அப்பாடா என்று இருந்தது. அவன் கொஞ்சம் தயங்கி, "ஆனா பையன் பொறந்தாத்தான்னு சொல்வாங்க. ஜம்னாவோட அக்கா வீட்டுல ரெண்டு பொண்ணு. இவர் இன்னும் அங்க குடிக்கல," என்றான்.

இதை நான் மரகதத்திடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எனக்கு எந்தப் புள்ளைன்னாலும் சரிதான். நல்லபடியா வந்தாப் போதும்," என்றாள். எனக்கும் அதேதான். ஆனால் அன்றிலிருந்து மாரியம்மன் கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் கை தானாகக் கூப்பிக்கொண்டது, எதற்கென்று அம்மனுக்கே தெரியும். ஒரு டம்ளர் தண்ணீருக்காகப் பையன் வேண்டும் என்று கேட்கிறோமே, வெட்கமாக இல்லையா என்று என்னையே திட்டிக்கொண்டும் கேட்டேன்.

குழந்தைக்கு இன்னும் நாள் இருந்தது. மூலாராமுக்கு அதற்கு முன்னாலேயே திரும்பும் டிக்கெட். அங்கே ஆடு மாட்டோடு அவர் மனைவி தனியாக இருந்தார். மூட்டை கட்டுகிற அன்று காலையில் ஜம்னா சுவரைப் பிடித்துக்கொண்டு, "மாமா, கார் எடுங்க," என்றாள். எடுத்தேன். பஸ் ஓட்டிய காலத்தில் கூட நான் அப்படி ஓட்டியதில்லை. மூலாராம் பின்னால் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வலி வரும்போதெல்லாம் அவர்தான் அதிகமாக முனகினார்.

மத்தியானம் நர்ஸ் வந்து சொன்னாள். பொண்ணு.

மரகதம் கைதட்டினாள். தயாளன் அழுதான். நான் என்ன செய்தேன்? சந்தோஷப்பட்டேன், சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன், ஆனால் என் கண் முதலில் போனது மூலாராம் முகத்துக்குத்தான். அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முண்டாசைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உள்ளே விட்டபோது, ஜம்னா குழந்தையை எங்கள் பக்கம் காட்டவில்லை. அப்பா பக்கம்தான் காட்டினாள். அவள் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. அவர் குழந்தையின் உச்சியில் கையை வைத்தார், வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

மரகதமும் தயாளனும் ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். நானும் அவரும் மட்டும் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் மழை. இரண்டு பேருக்கும் நடுவில் பாஷை சொல்ல ஆளில்லை. நான் நேராக அடுப்படிக்குப் போனேன். அவர் வழக்கம்போல வெளியே அடுப்புப் பக்கம் போவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தார். இத்தனை நாளில் அவர் கால் வைக்காத அடுப்படி அது. சாப்பாட்டு மேசையில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பியாயிஜி," என்றார். அவர்கள் பக்கத்தில் சம்மந்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பானி."

நான் கூடத்துக்குப் போய்ப் பேராக் போத்தலைக் கொண்டுவந்தேன். அவர் தலையை ஆட்டினார். குழாயைக் காட்டினார்.

மனிதர் களைப்பில் மறந்துவிட்டாரோ, பிறகு ஊருக்குப் போய் வருத்தப்படுவாரோ? ஏமாற்றி வாங்கினோம் என்று ஆகிவிடக் கூடாதே. எனக்குத் தெரிந்த இந்தியில், "லட்கி," என்றேன். பொண்ணுதானே பொறந்திருக்கு, ஞாபகம் இருக்கா என்று கேட்பதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

"ஹான்," என்றார் அவர். ஆமாம். பிறகு இந்த வீட்டை, சுவரை, கூரையை, ஜன்னலை எல்லாம் சேர்த்து ஒரு கையால் வளைத்துக் காட்டி, "லட்கி கா கர்," என்றார். பொண்ணோட வீடு. அது சினிமா இந்திக்குப் புரியக்கூடியதுதான்.

குழாயைத் திருகினேன். டம்ளரைக் கழுவினேன், மறுபடி கழுவினேன், மறுபடியும் கழுவினேன். தளும்பத் தளும்பக் கொண்டுபோய் வைத்தேன். அவர் எடுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். மீசையிலிருந்து சட்டையில் சொட்டியது, துடைக்கவில்லை. டம்ளரை நீட்டினார். ஊற்றினேன். அதையும் குடித்தார்.

போன் அடித்தது. மரகதம். "என்னங்க, வந்து சேந்தீங்களா? அவருக்கு ரொட்டிக்கு மாவு இருக்கா பாருங்க. என்னங்க? ஏன் பேச மாட்டேங்கறீங்க? அழுவுறீங்களா?"

மூலாராம் மூன்றாவது தடவையாக டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மரகதம்," என்றேன், "காலையில வடிச்ச சோத்த எங்க வச்சே?"