இரண்டாவது புடவை

ரிசப்ஷனில் பொண்ணு பாதியில் உடுப்பு மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பது உலகத்தில் பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதே கூத்துதான். எட்டு மணி வாக்கில் மேடையில் இருந்து பொண்ணு காணாமல் போகும். வந்தவர்கள் கையில் கவரை வைத்துக்கொண்டு வரிசையில் கால் மாற்றி நிற்பார்கள். வேறு உடுப்பில் பொண்ணு திரும்பி வரும், வீடியோக்காரர் புகை விடுவார், பசி பொறுக்காதவர்கள் பந்திக்குப் போயிருப்பார்கள். அதற்காக யாரும் அழுததில்லை. செங்கொடி மட்டும், போட்ட மேக்கப் கலைந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மணமகள் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

கட்டியிருந்தது மயில் கழுத்துக் கலர் பட்டு. வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கி, தன் சம்பளத்தில் தானே எடுத்தது. ரிசப்ஷன் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவதுதான் வழக்கம். அதை வேண்டாமென்று சொல்லி, "மேடைல நிக்கற பொடவய நானே எடுத்துக்கறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இந்தக் கல்யாணத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையை அவள் கேட்கவில்லை. மாப்பிள்ளை வெற்றி, அவளுடைய அக்கா பவானியின் புருஷன். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். பவானி போன வருஷம் ஆடியில் மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். தர்ஷினி என்று நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. எவளோ ஒருத்தி வந்து குழந்தைக்குச் சூடு வைப்பதற்குப் பதில், நம்ம கொடி இருக்கிறாளே என்று சொந்தத்தில் ஒரு புண்ணியவதி காரியத்தன்றைக்கே ஆரம்பித்து வைத்தாள். இப்படிப்பட்ட விஷயங்களில் நம் ஜனங்களுக்கு இருக்கிற சுறுசுறுப்பு வேறு எதிலும் கிடையாது. வருஷம் திரும்பியதும் பத்திரிகையே அடித்துவிட்டார்கள்.

செங்கொடியும் தலையை ஆட்டினாள். குழந்தைக்காகத்தான். ஆனால் உள்ளே ஒரு நப்பாசையும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெற்றி நல்லவன். அக்காவை அவன் வைத்திருந்த விதத்தை அவள் கூடவே இருந்து பார்த்திருக்கிறாள். இன்றைக்கில்லாவிட்டாலும் என்றைக்காவது ஒருநாள் அவன் தன்னைத் தனக்காகவே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான், அந்தப் பார்வை இந்த மயில் கழுத்துப் புடவையில் ஆரம்பிக்கட்டும் என்று நினைத்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அம்மா கோவிந்தம்மா ஒரு துணிப்பையோடு உள்ளே வந்ததில் இருந்துதான் வினை தொடங்கியது.

"எழுந்துரு கண்ணு. இதக் கட்டிக்கினு போ."

பையில் மாம்பழக் கலர் பட்டு, அரக்கு பார்டர். பவானியின் ரிசப்ஷன் புடவை. வெற்றி வீட்டு ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்தில் பவானி கட்டியிருப்பதும் இதே புடவைதான்.

முந்தின நாள் பூவாடைக்காரிக்குப் படைத்தார்கள். பூவும் பொட்டுமாகப் போனவளைக் கல்யாணத்துக்கு வரச் சொல்லி அழைத்து, புதுப் புடவை வைத்துக் கும்பிட்டு, அதை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வது வழக்கம். புதுப் புடவை வைக்க வேண்டிய இடத்தில் கோவிந்தம்மா பெட்டியில் இருந்து இதை எடுத்து வைத்துவிட்டாள். வெற்றியின் அம்மாவே கொஞ்சம் முகத்தைச் சுளித்தாள். "புதுசு வச்சா அவளுக்கு இன்னா தெரியும்? இதான் அவளுக்கு அடையாளம்" என்று கோவிந்தம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அதற்குமேல் யார் வாயைத் திறப்பார்கள்?

"நாளைக்கு முகூர்த்தம் முடிஞ்சி வூட்ல கட்டிக்கிறேம்மா. மேடைல வோணாம்" என்றாள் செங்கொடி.

"மேடைலதான் கட்டிக்கணும்."

"இன்னாத்துக்கு? படையல் வச்சத வூட்ல கட்னா ஆவாதா?"

காசிமேட்டு மீன் ஏலத்தில் கோவிந்தம்மா வாயைத் திறந்தால் ஆம்பளைகள் ஒதுங்கி வழி விடுவார்கள். அந்தக் குரல் இப்போது எழும்பவே இல்லை. புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"படையலுக்கு இல்லடி. ஒரே ஒரு தபா பாத்துக்கறேன். தூரத்துல இருந்து பாத்தா நீ அவ மாதிரியே இருப்ப. ஒரு தபா, கொடி."

செங்கொடி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் எதை முதலில் காட்டுவது என்று யாருக்குத்தான் தெரியும்?

"அப்ப என்னிய எப்பம்மா பாப்ப?"

"உன்ன இன்னா பாக்கறது? நீ இங்கதான கீற" என்றாள் அம்மா. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

பைக்குள் ஜாக்கெட்டும் இருந்தது. செங்கொடி எடுத்துப் பிரித்தாள். பவானி பூசின மாதிரி உடம்புக்காரி. அவள் ஜாக்கெட் செங்கொடிக்குத் தொளதொளவென்று கிடக்கும். இது அப்படி இல்லை. புடவையோடு ஒத்துப்போகிற துணியில், செங்கொடியின் அளவுக்குப் புதிதாகத் தைத்தது. "அளவு ஜாக்கெட்டு ஒண்ணு குடு, டெய்லர் கேக்கறான்" என்று பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே அம்மா வாங்கிக்கொண்டு போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் எம்.சி. ரோட்டில் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தபோதே வீட்டில் முடிவு ஆகியிருக்கிறது.

மேக்கப் போட வந்த ஜானட் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ராயபுரத்தில் பார்லர் வைத்திருப்பவள். இதுபோல எத்தனையோ மணமகள் அறைகளில் நின்றவள்.

"எதுன்னாலும் சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா. தலைய மாத்தணும்னா எனக்கு டைம் வேணும். வெளிய லைன் கேட்டு வரைக்கும் நிக்குது."

"மாமாவ வரச் சொல்லுங்க. அவரே சொல்லட்டும்" என்றாள் செங்கொடி.

அம்மா திடுக்கிட்டாள். இதெல்லாம் ஆம்பளையைக் கேட்டு முடிவு பண்ணுகிற விஷயமா? ஆனால் செங்கொடிக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரே ஒருத்தர் வாயில் இருந்து, இப்போது இருக்கிறபடியே நன்றாக இருக்கிறது என்று வந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மாவைச் சமாதானம் பண்ணிவிடலாம். அதை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையையே ஓட்டிவிடலாம்.

வெற்றி வந்தான். கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. சாயங்காலத்தில் இருந்து மேடையில் அவன் நின்ற நிலை, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் நிலைதான். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

"மாமா, இப்டியே வரட்டா, இல்ல இதக் கட்டிக்கினு வரட்டா? நீயே சொல்லு."

வெற்றி செங்கொடியைப் பார்க்கவில்லை. நாற்காலியில் கிடந்த மாம்பழக் கலரைப் பார்த்தான். கிட்டே போய் முந்தானையை எடுத்தான். கட்டைவிரலால் பார்டர் ஓரமாகத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினான். அங்கே இழை சின்னதாகப் பிசிறியிருந்தது.

"ஊக்கு மாட்டி இஸ்த்துக்கினா அன்னிக்கி" என்றான். பவானியைத்தான் சொன்னான், யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முழுக்க அவன் சிரித்தது அப்போதுதான்.

"சொல்லு மாமா."

"உன் இஷ்டம் கொடி. உன்ன யாரும் கட்டாயப்படுத்தல" என்றான். நல்ல பதில்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கை முந்தானையை விடவில்லை. சித்தப்பா கூப்பிடுகிறார் என்று வெளியில் இருந்து குரல் வந்த பிறகுதான் கீழே வைத்துவிட்டுப் போனான்.

செங்கொடி எழுந்து நின்றாள். நப்பாசை போய்விட்டது. அது போன பிறகு எந்தப் புடவையாக இருந்தால் என்ன?

"மாத்தி உடுங்கக்கா" என்றாள் ஜானட்டிடம்.

மேடை ஏறியபோது கீழே சலசலப்பு அப்படியே அடங்கியது. "தோ பாருடி, பவானியேதான்" என்று முன் வரிசையில் ஒருத்தி சொன்னது மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அழுதுகொண்டே பார்த்தாள், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். வெற்றி பக்கத்தில் வந்து நின்றான். இப்போது நடுவில் இடைவெளி இல்லை. தோள் தோளில் பட்டது. வரிசையில் வந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசினான். அவள் மாலை சரிந்ததை அவனே சரி பண்ணினான். இத்தனை நாள் அவள் ஏங்கியது இதற்குத்தான். வந்தது, ஆனால் அவளுக்கு வரவில்லை.

அப்போதுதான் தர்ஷினி, வெற்றியின் அம்மா மடியில் இருந்து இறங்கி மேடைக்கு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கீழே நாலைந்து போன்கள் தயாராக உயர்ந்தன. குழந்தை கட்டிக்கொள்ளவில்லை. இரண்டடி தள்ளி நின்று புடவையை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவாள் என்றுதான் அவளுக்கு இதுவரை சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மையை எடுத்துச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, செங்கொடிக்கும் சேர்த்துத்தான்.

"சித்தி, இது எங்கம்மாது."

"ஆமாடா கண்ணு."

"எங்கம்மா ஆஸ்பத்திரிலர்ந்து வந்தா இன்னா கட்டிக்கும்?"

வெற்றி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். போட்டோக்காரர் ஒன்றும் புரியாமல், "பாப்பா, இங்க பாரு, இங்க பாரு" என்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். செங்கொடி குனிந்து குழந்தையின் முகத்துக்கு நேராக வந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியவள் இனி அவள்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"அம்மா வந்தா கழட்டிக் குடுத்துட்றேன்."

"நெஜமா?"

"நெஜமா."

தர்ஷினி புடவையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். செங்கொடி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டதும், குழந்தை அவள் தோளில் கிடந்த முந்தானையைச் சின்னக் கையால் நீவிச் சரி பண்ணினாள்.

"அதுவரிக்கும் பத்திரமா வச்சிக்கோ சித்தி. அழுக்காக்கிடாத."

"சரிடா" என்றாள் செங்கொடி.