கஷாயத்தில் கரைந்தது

“இன்னும் துடிக்குதா மாமா?”

“துடிக்காம இருந்தா செத்திருப்பேனே. படபடன்னு அடிக்குதான்னு கேளு.”

மருமகள் சரிதா எது கேட்டாலும் சென்னகிருஷ்ணன் அப்படித்தான் பேசுவார். பாகலூருக்கு அந்தப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிறவர். ஒரு நாள் பூ வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகன் மணிகண்டன் ஓசூருக்கு அழைத்துப்போனான். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் தாளம் தப்பி ஓடுகிறது, காலையும் சாயங்காலமும் மாத்திரை, ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்றார்.

நான்கு நாள் போட்டார். ஐந்தாம் நாள் அட்டையைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

“என் தம்பியும் இப்படித்தான் தின்னான். தின்னுக்கினே செத்தான். எனக்கு வேணாம்.”

மணிகண்டன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வாரத்துக்கு ஒரு முறைதான் வருவான். வீட்டில் மனைவி நாராயணம்மாவும் சரிதாவும் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. கடைசியில் நாராயணம்மா அஞ்செட்டியிலிருந்து செல்லியை வரவழைத்தாள். செல்லி காட்டு மூலிகை கொடுக்கிறவள். இரண்டு பஸ் மாறி வந்து, அவர் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. மருதம்பட்டை குடுக்கறேன். எங்க ஊரு ஆத்தோரத்து மரம். ஒரு துண்டை இடிச்சு, தண்ணியில காச்சி, பாதியா வத்தினதும் பாலு ஊத்திக் குடிக்கணும். நாப்பத்தெட்டு நாளு.”

“மாத்திரையும் போட்டுக்கலாங்களா?” என்று கேட்டாள் சரிதா.

“ரெண்டு மாட்டை எதிரெதிராப் பூட்டி ஏர் ஓட்டுவியா கண்ணு? இங்கிலீஷ் மருந்து சேரவே கூடாது.” செல்லி பட்டைத் துண்டுகளை நாராயணம்மாவின் முந்தானையில் போட்டாள். “இன்னொண்ணு கேட்டுக்கோங்க. நெஞ்சு அடங்கினதும், குணமானவங்க தன் கையால இன்னொரு நோயாளிக்கு ஒரு பட்டை குடுக்கணும். குடுக்காம வெச்சிக்கிட்டா மருந்து நிக்காது. எங்க வழக்கம் அது.”

“குடுத்துட்டாப் போச்சு” என்றார் சென்னகிருஷ்ணன்.

அன்று சாயங்காலம் சரிதா கணவனுக்குப் போன் செய்தாள்.

“மாமா மாத்திரையைத் தொடவே மாட்டேங்கறாரு. கஷாயம் மட்டும் குடிக்கறாராம்.”

“கஷாயம் கசக்குமா?”

“வாயில வெக்க முடியல.”

“அப்ப அதுலயே பொடி பண்ணிப் போட்டுடு.”

“தெரிஞ்சா?”

“தெரியாம பாத்துக்க. அவரு உசுரோட இருந்தாப் போதும்.”

ஓசூரில் வயர் கட்டும் கம்பெனியில் சரிதாவுக்கு வேலை. காலை கம்பெனி பஸ் வருவதற்கு முன் ஒரு மாத்திரை, திரும்பி வந்ததும் ஒரு மாத்திரை. கரண்டியின் அடியால் நசுக்கி, நாராயணம்மா பால் எடுக்கத் திரும்பும் நேரத்தில் டம்ளரில் போட்டுக் கலக்கிவிடுவாள். இதற்காகவே ஷிப்ட் மாறாமல் பகல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்து நாளில் படபடப்பு குறைந்தது. இருபதாம் நாள் அவர் மறுபடி கத்தரியை எடுத்தார்.

“ஏமண்டி, இப்ப எப்படி இருக்குது?” என்று நாராயணம்மா தெலுங்கும் தமிழுமாகக் கேட்பாள்.

“உன் கைப்பக்குவம்” என்பார் அவர். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் அவளைப் பாராட்டியதே அந்தக் கஷாயத்துக்காகத்தான். அவள் முகத்தைப் பார்க்கும்போது சரிதா தலையைக் குனிந்துகொள்வாள்.

நாற்பத்தெட்டு நாள் முடிந்தும் கஷாயத்தை விடமாட்டேன் என்றுவிட்டார் அவர். நாற்பத்தொன்பதாம் நாள் சரிதா கம்பெனியிலிருந்து வந்தபோது சென்னகிருஷ்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்க போயிட்டு வந்தீங்க மாமா?”

“மாதேஸ்வரி வீட்டுக்கு. வெத்தலை மேல வெச்சு என் கையால பட்டை குடுத்துட்டு வந்தேன். பாவம், பன்னெண்டு வருசமா மாத்திரை தின்னுக்கினு கெடக்குது.”

 மாதேஸ்வரி இரண்டு வீடு தள்ளி இருப்பவள்; சென்னகிருஷ்ணனைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவள்.

சரிதா கையில் இருந்த பையைக்கூட உள்ளே வைக்காமல் அவள் வீட்டு வாசலுக்கு ஓடினாள். மாதேஸ்வரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் மணி தீவனப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, மாத்திரையை நிறுத்திடாதீங்க.”

“ஏன்? பெரியப்பாதான் ரெண்டும் சேரக்கூடாதுன்னு சொன்னாரே.”

“உங்களுக்கு வேற நோவு, அவருக்கு வேற நோவு.”

“எல்லாம் ஒரே நெஞ்சுதான் போ. மாசாமாசம் ஊசி குத்தி ரத்தம் எடுத்து எடுத்து என் கையைப் பாரு, சல்லடை மாதிரி ஆயிடுச்சு. உங்க மாமனாரு குணமாயி ஜம்முனு திரியறாரு. எனக்கு மட்டும் குணமாவக் கூடாதா?”

“அதுக்கில்லக்கா...”

“பின்ன எதுக்கு?”

மணியும் தலை நிமிர்ந்து பார்த்தான். சொன்னால் இன்று சாயங்காலமே அது சென்னகிருஷ்ணன் காதுக்குப் போய்விடும். நாளையிலிருந்து அவர் கஷாயத்தையும் தொடமாட்டார், மாத்திரையையும் தொடமாட்டார்.

“டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மணிகண்டனிடம் சொன்னபோது, “அவசரப்படாத. லீவுல வரேன், பேசிக்கலாம்” என்றான். அந்த வாரம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தெருவில் பார்க்கும்போதெல்லாம் மாதேஸ்வரி சிரித்தாள். “ரெண்டு நாளா படபடன்னு வருது. மருந்து வேலை செய்யுதுன்னு பெரியப்பா சொல்றாரு” என்றாள் ஒரு நாள். சரிதா அதற்கும் தலையாட்டினாள்.

மூன்றாவது வாரம், கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது மாமியாரிடமிருந்து ஏழு அழைப்புகள்.

“சரிதா, மாதேசுக்கு வாய் கோணிக்கிச்சு. வலது கை தூக்க வரல. ஓசூருக்கு எடுத்துக்கினு வந்திருக்கோம், சீக்கிரம் வா.”

ஆஸ்பத்திரியில் மாதேஸ்வரியின் கணவன் மணி சுவரில் சாய்ந்து நின்றான். சென்னகிருஷ்ணனும் நாராயணம்மாவும் பக்கத்தில். பெண் டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“மூளைக்கு ரத்தக்கட்டி போயிருக்கு. மாத்திரை எப்ப நிறுத்தினாங்க?”



“மூணு வாரமாச்சுங்க” என்றார் சென்னகிருஷ்ணன். “நான்தான் நிறுத்தச் சொன்னேன். பட்டையும் நான்தான் குடுத்தேன். எனக்கு அதுல குணமாச்சுங்க மேடம். இவளுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியல.”

 சரிதாவால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“பட்டையில குணமாகல மாமா.”

“என்ன?”

“தினமும் ரெண்டு வேளை கஷாயத்துல உங்க மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டேன். மொத நாள்லேர்ந்து. இன்னைக்குக் காலையிலயும் போட்டேன்.”

டாக்டரின் பேனா நின்றது. நாராயணம்மா மெதுவாகக் கேட்டாள்.

“நான் காச்சினதுலயா?”

“ஆமாங்கத்தை.”

சென்னகிருஷ்ணன் சரிதாவைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார். பட்டை கொடுத்த கை.

மணிதான் சுவரை விட்டு விலகி வந்தான்.

“அன்னைக்கு எங்க வாசல்ல வந்து நின்னியே. நானும் அங்கதானே இருந்தேன். அப்ப இதைச் சொல்ல உனக்கு வாய் வரலையா?”

“சொன்னா மாமா மருந்தை விட்டுடுவாரேன்னு...”

“உங்க வீட்டு உசுரு உசுரு. எங்க வீட்டு உசுரு?”

 டாக்டர், “இங்க சத்தம் போடாதீங்க” என்றார். உண்மையில் யாரும் சத்தம் போடவில்லை.

மாதேஸ்வரி பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. பேச்சு குழறியது. நாளாகும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் சென்னகிருஷ்ணன் சரிதாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மை தெரிந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதுமே மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேளை தவறாமல் தானே போட்டுக்கொண்டார். தண்ணீரைக்கூடத் தானே மொண்டு குடித்தார். காலையும் மாலையும் மாதேஸ்வரி வீட்டு மாட்டைப் போய்க் கறந்து வைத்தார். மணி அவரைத் தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காலையில் சரிதா அவருக்குக் காபி கொண்டுபோய் வைத்தாள்.

“எடுத்துக்கினு போ” என்றார்.

“அதுல ஒண்ணுமில்ல மாமா. வெறும் காபி.”

“இருக்கலாம். என் உசுரைக் காப்பாத்தினே, இல்லேங்கல. ஆனா உன் கையால வாங்கிக் குடிக்க இனிமே எனக்கு வராது. நானே கலந்துக்கறேன்.”

சரிதா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கம்பெனி பஸ் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் கஞ்சியைத் தூக்குப்போசியில் ஊற்றி மூடினாள்.

“எங்க கெளம்பிட்டே?” என்றாள் நாராயணம்மா.

“மாதேசு அக்காவுக்கு ஊட்டிவிட்டுட்டு வரேன்.”

“மணி இருப்பான்.”

“இருக்கட்டும்.”

“வாசல்லயே நிக்க வெப்பான்.”

“நிக்கறேன் அத்தை.”