அப்பாவின் மணியில் நான் சேர்த்த வரி

இடுப்பெலும்பு முறிந்து அப்பா படுக்கையில் விழுந்ததும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு அழைப்பு மணி செய்துகொடுத்தேன். மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டிக் கணினி சிப்புக்கு சி மொழியில் ப்ரோக்ராம் எழுதுவதுதான் என் பிழைப்பு. பட்டனை அமுக்கினால், சிப் செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஒரு குட்டி ப்ரோக்ராமுக்கு ஓடும். அதற்கு இன்டரப்ட் ரொட்டீன் என்று பெயர். அது போனோமா வந்தோமா என்று இருக்க வேண்டும். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களிடம் இதை வாய் வலிக்கச் சொல்வேன்.

அப்பா சும்மா இருக்கவில்லை. தண்ணீர், ஜன்னல், மூக்குக்கண்ணாடி, டைம் என்ன ஆச்சு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற எனக்குத் தலை வெடித்தது. ஒரு மத்தியானம் மீட்டிங்கின் நடுவில் நாலாவது முறையாக அடித்தார். அன்றைக்கே அந்த ரொட்டீனில் ஒரு வரி சேர்த்தேன். கடைசியாக அடித்துப் பத்து நிமிஷம் ஆகவில்லையென்றால் மணியை அடிக்காதே, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்பிவிடு. அந்த எண்ணிக்கைக்கு நான் வைத்த பெயர் 'தொல்லை'. வீடு அமைதியானது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். அப்பா இரண்டு கட்டைவிரலாலும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா இப்படிப் போட்டு அமுக்கறீங்க?"

"விரல்ல பலமே இல்லம்மா. சில நேரம் அடிக்குது, சில நேரம் அடிக்க மாட்டேங்குது."

"மெஷின் ரிப்பேரா இருக்கும்."

"சேச்சே, உங்கண்ணன் செஞ்சது. அதுல எல்லாம் தப்பு வராது." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சுப் பந்தை எடுத்துக் காட்டினார். "பிசியோதெரபி பொண்ணுகிட்ட கேட்டு வாங்கினேன். தினம் நூறு தடவை பிசையறேன்."

தங்கை படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். வேறு விரிப்பு எடுக்கப் போனாள். அறை வாசலில் நின்றிருந்த எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மணிப் பெட்டியைத் திறந்து லேப்டாப்போடு இணைத்தேன். தொல்லை: இருநூற்றுப் பதினேழு. எட்டே நாளில். அதில் எத்தனை தண்ணீருக்கு, எத்தனை பாத்ரூமுக்கு என்று சிப்புக்குத் தெரியாது. பக்கத்து அறையில் இருந்த மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரியை அழித்துவிட்டுப் பெட்டியை அப்பாவிடம் கொண்டுபோனேன். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. "அப்பா, இந்த மணி இருக்கே..." என்று ஆரம்பிப்பதற்குள் வாங்கி, ஒரே விரலால் அமுக்கினார். அடித்தது. மறுபடி அமுக்கினார். அடித்தது. அவர் முகம் அப்படி மலர்ந்து பார்த்து மாதக்கணக்காயிற்று.

"பாத்தியாடா! பலம் வந்துடுச்சு!"

தங்கை கைதட்டினாள். நான் "ஆமாப்பா" என்றேன்.

இப்போது நூறு போதாதென்று இருநூறு தடவை பிசைகிறார். "போதும்ப்பா, விட்டுடுங்க" என்றால் கேட்பதில்லை. விட்டால் மணி அடிக்காமல் போய்விடுமாம்.