பாவ்நகருக்குப் பறந்த இரண்டு அத்தைகள்

சூரத்காரி வெறுங்கையோடு ஊருக்குப் போனதாகச் சரித்திரமே கிடையாது. நானும் என் அக்கா குமுதும் விமான நிலையத்தில் வந்து நின்றபோது எங்கள் பைகளில் துணி என்று பார்த்தால் ஆளுக்கு ஒரு பட்டுச்சேலைதான். மற்றதெல்லாம் தீனி. நெய்யில் முங்கிக் குளித்த காரி இனிப்பு பெட்டி பெட்டியாக, அதற்கு மேல் நான்கட்டாய் பிஸ்கட், ஆவியில் வெந்த கமண், சேவோடு கலந்து சாப்பிட இளஞ்சோளம்.

பாவ்நகரில் எங்கள் தம்பி கிரீட்டுக்குப் பெண் பிறந்திருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒன்றே ஒன்று. மத்தியானம் பெயர் சூட்டுகிறார்கள். அத்தை வாய் திறக்காமல் குழந்தைக்குப் பெயர் ஏது? ஆனால் அத்தைகள் இரண்டு பேர், உரிமை மூத்தவளுக்கு. அப்படித்தான் சாஸ்திரமாம். எழுதியவன் வீட்டுக்கு மூத்த பிள்ளையாக இருந்திருப்பான், பாழாய்ப்போனவன்.

குழந்தை துலா ராசி. ‘ர’ அல்லது ‘த’வில் பெயர் தொடங்க வேண்டும். அக்கா ‘ரசீலா’ என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கோ ‘தோரல்’. கல்யாணமான புதிதில், எனக்குப் பிறக்கப்போகும் பெண்ணுக்கென்று எடுத்து வைத்த பெயர் அது. பெண்ணும் பிறக்கவில்லை, பையனும் பிறக்கவில்லை. பெயர் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. எனக்கு வேறு தம்பியும் இல்லை. இன்று விட்டால் அவ்வளவுதான்.

ஆட்டோவில் வரும்போதே கெஞ்சிப் பார்த்தேன். “அக்கா, உனக்குத்தான் மூணு பிள்ளைங்க இருக்கே. இந்த ஒண்ணை எனக்கு விட்டுடேன்.”

“மூணுக்கும் என் நாத்தனாருங்கதானே பேரு வெச்சாளுங்க? இதுவரைக்கும் நான் பேரு வெச்சது எங்க வீட்டு நாய்க்கு மட்டும்தான். விடமாட்டேன் போடி.”

அது ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானம். பையை மட்டுமில்லை, ஆளையும் தராசில் ஏற்றினார்கள். ஏதோ மரியாதைக்குச் செய்கிறார்கள் என்று ஏறி இறங்கினோம். எல்லாரையும் எடை போட்டு முடித்துவிட்டு, கவுண்டரில் இருந்த சிராக் என்ற பையன் கையைப் பிசைந்தான். எங்கள் பக்கம் அம்மா வயதுக்காரிகள் எல்லாருமே ‘மாசி’, அதாவது சித்தி. “மாசி, மொத்த எடை கூடிப் போச்சு. உங்க பையைக் கொஞ்சம் குறைச்சாத்தான் விமானம் கிளம்பும்.”

“இவ்வளவுதானா?” என்றாள் அக்கா. “முதல்லயே சொல்றதுக்கென்ன, தம்பி?”

அங்கேயே தரையில் சேலையை விரித்தாள். நான் பெட்டிகளைப் பிரித்தேன். நாங்கள் இருவரும் மட்டும் சாப்பிட்டால் நன்றாக இருக்குமா? எங்களோடு பறக்கப்போகிற அத்தனை பேரையும் கூப்பிட்டோம். புதுமணத் தம்பதி வந்தார்கள், கோயிலுக்குப் போகிற குடும்பம் வந்தது. வைரத் தரகர் தன்சுக் காகா, எல்லாருக்கும் சித்தப்பா முறை, வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே சப்பணமிட்டார். மாதம் ஒருமுறை பாவ்நகருக்குப் பறந்துபோய், சுடச்சுட ஒரு தட்டு காட்டியா தின்றுவிட்டு அடுத்த விமானத்தில் திரும்புகிற மனிதராம். கடலைமாவு முறுக்குக்காக விமானம் ஏறுகிறார்! இவரல்லவோ எங்கள் ஊர்க்காரர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே இரண்டிரண்டாகக் காரியை அவர் பக்கம் தள்ளினேன். அவரும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெட்டிகள் காலி. ஏப்பம் விட்டுக்கொண்டு பையைத் தூக்கித் தராசில் வைத்தோம். பை பஞ்சாகிவிட்டது.

“இப்ப சரிதானே, தம்பி?”

சிராக் அழுதுவிடுவான் போலிருந்தது. “மாசி, ஆளையும்தானே எடை போடறோம்? பையில இருந்தது இப்ப உங்க எல்லார் வயித்துலயும் இருக்கு. மொத்தம் அப்படியே இருக்கு மாசி!”

“வயித்துக்குள்ள போனதுக்கு எதுக்குடா கணக்கு?” என்று அக்கா சீறினாள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

விமானி ஒரு பெண், வெடுக்கென்று பேசுகிறவள். “எரிபொருளைக் குறைச்சா நடுக்கடல்ல இறங்கணும், பரவாயில்லையா? யாராவது ஒருத்தர் நின்னுக்குங்க” என்றாள். எல்லாக் கண்களும் எங்கள் இருவர் மீதும் வந்து உட்கார்ந்தன. இருப்பதிலேயே உருண்டு திரண்டவர்கள் நாங்கள்தான், ஒளிப்பானேன்?

“தரு, நீ இரு. நான் மூத்தவ” என்றாள் அக்கா என்னிடம்.

“மூத்தவதானே விட்டுக்குடுக்கணும்? நீ இரு.”

“பஸ்ல வாயேன்டி.”

“நடுவுல இருக்கிற வளைகுடாவைச் சுத்திக்கிட்டுப் போய்ச் சேர இருட்டிடும். கப்பலும் காலையிலயே போயிடுச்சு. நான் போகலைன்னா இந்தப் பறவை பறக்காது, சொல்லிட்டேன்!”

அழுகை வந்த கோபத்தில் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அக்காவும் விடவில்லை. சூரத்தின் வசவுகள் அத்தனையும் அந்தப் பளபளத் தரையில் உருண்டன. புதுமணப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள், விரலிடுக்கில் கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

அப்போது தன்சுக் காகா நாற்காலியில் சாய்ந்து வயிற்றைத் தடவியபடி கையைத் தூக்கினார். “நான் நின்னுக்கிறேம்மா.”

“ஐயோ, காகா! உங்க காட்டியா?”

“அதுக்கு இடம் எங்க இருக்கு? எட்டுக் காரி உள்ள போயிருக்கு. வயித்துல இடமில்லாம காட்டியா முன்னாடி போய் நிக்கிறது மகாபாவம். நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன்.”

நான் அவர் காலில் விழப் போனேன். குனிந்தால் ஆபத்து, அந்த நிலையில் இருந்தேன். கும்பிடு மட்டும் போட்டேன்.

கனமானவர்கள் முன்னால் உட்கார வேண்டுமாம். எங்கள் இருவரையும் விமானிக்குப் பின்னாலேயே உட்கார வைத்தார்கள். ராட்டினத்தில்கூட ஏறாதவள் என் அக்கா. சக்கரம் தரையை விட்டதும் “மகாதேவா!” என்று ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், விமானியே திரும்பிப் பார்த்தாள். தாப்தி நதி வெள்ளிக் கொடியாகக் கீழே போனது, கத்தினாள். டூமஸ் கடற்கரையில் பஜ்ஜிக் கடைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன, அதற்கும் கத்தினாள். எந்த இடத்தில் பயம் போய்க் குஷி வந்தது என்று தெரியவில்லை. வளைகுடாவின் செம்மண் தண்ணீருக்கு மேலே வந்தபோது என் தொடையில் அடித்து அடித்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“அடியே, அலங் வந்திடுச்சு! கப்பலையெல்லாம் கரையில போட்டு உடைக்கிறாங்க பாரு! ஐயோ, பாதிக் கப்பல்டி!”

“தெரியுது, என் காலை விடு!”

“கோலியாக்! கடலுக்குள்ள கோயில் கொடி! தண்ணி வத்திடுச்சு, ஜனங்க நடந்து போறாங்க! ஏய்! ஏய் மனுஷங்களா! நாங்க மேல இருக்கோம்!”

கோயிலுக்குப் போகிற குடும்பமும் சேர்ந்து “ஹர ஹர மகாதேவ்” போட்டது. புதுமாப்பிள்ளை விசில் அடித்தான். நானும் கத்தினேன். சண்டை, சாஸ்திரம், ரசீலா எல்லாம் எனக்கு மறந்தே போனது. இறங்கும்போது விமானி, “இப்படி ஒரு கூட்டத்தை நான் ஏத்தினதே இல்ல” என்று சிரித்தாள்.

தம்பி வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. ஒரு பட்டுத்துணியின் நான்கு முனைகளையும் நான்கு குழந்தைகள் பிடித்துக்கொள்ள, நடுவில் குட்டிப்பெண் படுத்து ஆடிக்கொண்டிருந்தாள். என்ன மூக்கு, என்ன முழி! அப்படியே என் சாயல். அக்காவிடம் கேட்டால் அவள் சாயல் என்பாள்.

“பேரைச் சொல்லுங்க, அத்தை!” என்று கூட்டம் கத்தியது.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள். வாயைத் திறந்தாள். சைக்கிள் பம்ப் மாதிரிக் காற்றுதான் வந்தது. இருமினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி திறந்தாள். குரலை வளைகுடாவிலேயே கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்! குழந்தைகளுக்குக் கை வலித்தது, துணி தாழ்ந்தது. “சீக்கிரம், அத்தை!” என்றார்கள்.

வேறு வழியில்லாமல் அக்கா என்னை இழுத்து, காதில் வாயை வைத்து, மூச்சாலேயே தெளிவாகச் சொன்னாள்: “ரசீலா.”

நான் குழந்தையைப் பார்த்தேன். உரிமை அக்காவுடையது, குரல் என்னுடையது. சொன்ன பெயரைத் திருப்பி வாங்க எந்த சாஸ்திரத்திலும் வழியில்லை. பாவமாவது புண்ணியமாவது!

“தோரல்!” என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

கூட்டம் “தோரல்! தோரல்!” என்று கைதட்டியது. அக்கா என்னை முறைத்தாள். உதடுகள் அசைந்த அசைவில் என்னென்ன வசவு என்று எனக்குப் புரிந்தது. இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள், உயிர் போயிற்று. பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறாள், சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வர வர.

மறுபடி என் காதைப் பிடித்து இழுத்தாள். “திருடி” என்றது அந்த மூச்சு. “இன்னும் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் சாகிற வரைக்கும் குடுத்திருக்க மாட்டேன். எடுத்துக்கிட்டேல்ல, வெச்சுக்கோ.”

குழந்தையைத் துணியிலிருந்து அவளே தூக்கி என் கையில் போட்டாள். இத்தனை வருஷம் ஆளில்லாத வீட்டில், பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் மெதுவாகச் சொல்லிப் பார்த்த பெயர் அது. ஒருநாளும் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

“தோரல்” என்று கூப்பிட்டேன். கையில் இருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.