ஈயை மிஞ்சிய புழு

2004ஆம் ஆண்டு விமலேஸ்வரி ரீச்சர் உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு பிழை விட்டார்.

"பழ ஈக்குக் கண் இருக்கு, செட்டை இருக்கு. மண்ணுக்குள்ள கிடக்கிற சின்னஞ்சிறு வட்டப்புழுவைவிட ஈக்குத்தான் ஜீன், அதாவது பரம்பரையலகு, கூட" என்று சொல்லியிருந்தார். புத்தகத்தில் பார்த்துச் சொன்னதல்ல. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து தங்கை ஒரு கட்டுரையைப் போட்டோக் கொப்பி எடுத்து அனுப்பியிருந்தாள். அப்பத்துக்கும் பாணுக்கும் போடும் ஈஸ்ட், பழ ஈ, வட்டப்புழு மூன்றையும் அதில் ஒப்பிட்டிருந்தார்கள். ஈஸ்டுக்கு ஆறாயிரம் அலகுகள். ஈக்குப் பதின்மூவாயிரத்துச் சொச்சம். புழுவுக்கோ பத்தொன்பதாயிரம்!

பள்ளிக்கூடம் விட்டதும் நெளுக்குளத்தில் ஜொஹறாவின் பேக்கரியில் சைக்கிளை நிறுத்தினார். முல்லைத்தீவிலிருந்து புத்தளத்துக்கு இடம்பெயர்ந்திருந்த ஜொஹறா, போர்நிறுத்தம் வந்த சமாதானக் காலத்தில் வந்து இங்கே கடை போட்டிருந்தாள்.

"என்ன ரீச்சர், பாண் கேக்காமல் கடுதாசியைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

ரீச்சர் விஷயத்தைச் சொன்னார். உடம்பைக் கட்டி நடத்தும் கட்டளைகள்தான் அந்த அலகுகள் என்றும் விளக்கினார்.

"கண்ணில்லாத புழுவுக்கு அவ்வளவு கட்டளை என்னத்துக்கு?"

"தெரியேல்லை ஜொஹறா. இதை எழுதினவைக்கும் முழுசா விளங்கேல்லையாம்."

"நான் போடுற ஈஸ்டும் இதில இருக்கோ?"

"ஓம். அதின்ர சில அலகுகள் எங்களுக்குள்ள இருக்கிறதைப் போலவே. ஒண்டை எடுத்துப்போட்டு மனிசற்றதை வைச்சாலும் சிலநேரம் ஈஸ்ட் தப்பிப் பிழைக்குமாம்."

ஜொஹறா மாச்சட்டியை மூடியிருந்த ஈரத்துணியை விலக்கி, பொங்கிய மாவையே பார்த்தபடி நின்றாள். "இவ்வளவு வருசமாப் பிசையிறன், ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள். பிறகு, "பிள்ளையளிட்டப் பிழையெண்டு சொல்லுவியளோ?" என்று கேட்டாள்.

ரீச்சருக்கு முகம் சுட்டது. "சொல்லத்தானே வேணும்."

மறுநாள் காலை சொன்னார். வகுப்பு சிரிக்கவில்லை. "அப்ப புழுவைக் காட்டுங்கோ ரீச்சர்" என்றது. அழுகிய வாழைப்பழத்துக்கு அடியில் கிடந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, பள்ளிக்கூடத்தின் ஒரேயொரு நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். முதல் இரண்டு துளியிலும் மண்தான். மூன்றாவது துளியில் கண்ணாடி நூல் போல ஒன்று நெளிந்தது.

பாண் வாங்கப் போன பிள்ளையிடம் கேள்விப்பட்டு, இடைவேளைக்கு ஜொஹறாவும் வந்துவிட்டாள். ஒரு கண்ணை மூடிக் குனிந்தவள் நிமிரவே இல்லை. பின்னால் பிள்ளைகளின் வரிசை நீண்டது.

"ரீச்சர், இதில எது தலை, எது வால்?" என்று ஜொஹறா குனிந்தபடியே கேட்டாள்.

"தள்ளுங்கோ, பாப்பம்" என்று ரீச்சரும் குனிந்தார்.